இறங்காத குடல்

2017 ஐ.பி.எல். தொடரில் ரவிச்சந்திரன் அஸ்வின் ஆடவில்லை. ‘ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா’ என்று காரணம் சொல்லப்பட்டது. 2022இல் கே.எல். ராகுல் ஜெர்மனிக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். சூர்யகுமார் யாதவ் 2024 ஜனவரியில் ஒரு முறையும் 2025 ஜூனில் இன்னொரு முறையும் மியூனிக் நகரத்து அறுவை மேசையில் படுத்தார். ஹெர்னியா என்றால் தமிழில் குடலிறக்கம். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை; ஆனால் அந்த மொழிபெயர்ப்பு, மூலத்தில் ஒளிந்துகிடந்த பிழை ஒன்றை வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது. ஹெர்னியா என்ற லத்தீன் சொல்லைக் கேட்கும் ஐரோப்பியருக்கு அது வெறும் ஒலி. குடலிறக்கம் என்று கேட்கும் தமிழர், குடல் எங்கோ இறங்கியிருக்கிறது என்றே புரிந்துகொள்வார். விளையாட்டு வீரர்களுக்கு வரும் இந்த நோயின் இலக்கணமோ, குடல் இறங்காதிருப்பது. இருமினால் முட்டும் புடைப்பு கிடையாது. கைக்குத் தட்டுப்படும் கட்டி கிடையாது. ஓடினாலும் உதைத்தாலும் திரும்பினாலும் அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் ஒரு வலி மட்டும் உண்டு. இல்லாத ஒன்றின் பெயர் இந்த வலிக்கு எப்படி ஒட்டியது? அதன் நூறாண்டுக் கதையைப் பார்த்தால், நோயைவிட நோயைப் பார்த்தவர்களின் தொழிலே பெயரைத் தீர்மானித்தது தெரிகிறது. எலும்பைப் பார்ப்பவர் எலும்பு நோய் என்றார், வயிற்றுச் சுவரைத் தைப்பவர் சுவர் கிழிந்தது என்றார், பெயர் எதுவோ அதுவே சிகிச்சையும் ஆனது. சான்று கடைசியில்தான் வந்தது. வந்தபோது அது எந்தப் பெயரையும் முழுதாக ஆதரிக்கவில்லை.

இத்தனை பேர் ஒரே இடத்தைப் பார்த்து இத்தனை விதமாகப் பேசியதற்கு அந்த இடத்தின் அமைப்பே முதல் காரணம். காலில் புண் வந்தால் நெறி கட்டும் தொடையிடுக்கு அது. ஆண் குழந்தையின் விதைகள் பிறப்பதற்கு முன் வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கி வருவது இங்குள்ள சாய்வான ஒரு குழல் வழியாகத்தான். வளர்ந்த பிறகும் அது 4 சென்டிமீட்டர் அளவில் வயிற்றுச் சுவரின் ஒரு பலவீனமான வாசலாக இருந்துகொண்டே இருக்கும். அதை ஒட்டி, நடுவில் பூப்பெலும்பு. விலாவிலிருந்து இறங்கும் நேர்வயிற்றுத் தசை அந்த எலும்பை மேலே இழுக்கிறது. உள்தொடைத் தசைகள் அதையே கீழே இழுக்கின்றன. பந்தை ஓங்கி உதைக்கும்போதும், ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று திசை மாறும்போதும் இந்த இழுபறி உச்சத்துக்குப் போகிறது. மூன்று மெல்லிய நரம்புகள் இதே வட்டாரத்தில் தசைப் படலங்களைத் துளைத்துக்கொண்டு போகின்றன. ஒரு சாண் தள்ளி இடுப்பு மூட்டு. அதன் வலியும் இங்கேதான் வந்து தெரியும். ஒரு கைக்குட்டையால் மூடிவிடக்கூடிய பரப்பில் சுவர், தசை, தசைநார், எலும்பு, நரம்பு, மூட்டு என ஆறு வகைப் பொருள்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. வலிக்கிறது என்று விரல் வைக்கும் வீரர் ஒரே நேரத்தில் இத்தனையின் மேலும் விரல் வைக்கிறார்.

உண்மையான குடலிறக்கத்தின் வரலாறு அறுவை மருத்துவத்தின் வெற்றிக் கதைகளில் ஒன்று. அந்த வெற்றிதான் பின்னால் வந்த பெயர்க்குழப்பத்துக்கும் விதை போட்டது. லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் 1804இல் வெளியிட்ட நூலில், குடலைத் தடுத்து நிறுத்தும் உட்படலத்தை அடையாளம் கண்டு பெயரிட்டார். இடம் தெரிந்தது, பழுது பார்க்கும் வழி தெரியவில்லை. இறங்கிய குடலைக் கையால் உள்ளே தள்ளி, மேலே கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழிப்பதே பெரும்பாலோரின் விதியாக இருந்தது. வழி கண்டவர் இத்தாலியரான எடோவார்டோ பாசினி. அவரே 1867இல் கரிபால்டியின் பக்கம் நின்று ரோமுக்கு அருகே போரிட்டபோது தொடையிடுக்கில் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துப்பட்டவர். குழலின் பின்சுவரை அடுக்கடுக்காகத் தைத்து மீண்டும் கட்டியெழுப்பும் தன் முறையை 1887இல் அவர் அறிவித்தார். நூறாண்டு கழித்து, 1989இல், லாஸ் ஏஞ்சலிஸின் லிக்டென்ஸ்டைனும் உடன் பணியாற்றியவர்களும் தையலின் இழுவிசையே இல்லாமல் செயற்கை வலையை வைத்து மூடும் முறையை எழுதினார்கள். உலகத்தில் மிக அதிகம் செய்யப்படும் அறுவைகளில் ஒன்றாகக் குடலிறக்க அறுவை ஆனது. இந்த இடத்தில் வலி என்று யார் வந்தாலும் பின்சுவர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அறுவை மருத்துவரின் கைப்பழக்கமாகிவிட்டது.

ஆனால் விளையாட்டு வீரரின் தொடையிடுக்கு வலி முதலில் அறுவை மருத்துவர் கண்ணில் சுவர்ப் பிரச்சினையாகப் படவில்லை. நியூயார்க்கின் சிறுநீரக அறுவை மருத்துவர் எட்வின் பீர், 1924இல், சிறுநீர்ப்பை அறுவைக்குப் பிறகு பூப்பெலும்பு அழற்சி கண்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்த எலும்பழற்சியின் பெயர் பிறகு விளையாட்டு வீரர்களுக்கும் சூட்டப்பட்டது. 1932இல் இத்தாலியில் ஸ்பினெல்லி, வாட்போர் வீரர்களுக்கு வரும் பூப்பெலும்பு வலியை ஒரு புதிய விளையாட்டு நோயாக விவரித்தார். ஒரு காலை முன்னே வீசி, மறுகாலைப் பின்னே நீட்டி உடலைப் பாய்ச்சும் அந்த ஆட்டத்தில் இந்த வலி வந்தது வியப்பில்லை. 1960களில் பார்சிலோனாவின் கபோட் கால்பந்து வீரர்களிடம் இதையே கண்டு எலும்பின் இயக்க நோய் என்றார். பெல்கிரேடில் நெசோவிச் வயிற்றுத் தசையின் அடிப்பகுதியை இறுக்கித் தைக்கும் அறுவையை வீரர்களுக்குச் செய்தார். ஐரோப்பாவின் தெற்கிலும் தென்கிழக்கிலும் இந்த வலிக்குப் பூப்பெலும்பின் பெயரே நிலைத்தது. இன்றும் இத்தாலிய, ஸ்பானியப் பத்திரிகைகள் கால்பந்து வீரர்களைப் பற்றி எழுதும்போது ‘புபால்ஜியா’ என்கின்றன. வலி எங்கே என்று மட்டும் சொல்லும் சொல் அது. காரணம் என்னவென்று அது பேசவில்லை. ஆகவே தவறவும் இல்லை.

1980இல் லண்டனில் திசை மாறியது. பல மாதங்களாக ஆட முடியாமல் கிடந்த மூன்று தொழில்முறைக் கால்பந்து வீரர்களை ஜெரி கில்மோர் என்ற அறுவை மருத்துவர் திறந்து பார்த்துத் தைத்து மீண்டும் மைதானத்துக்கு அனுப்பினார். அவர் கண்டது: வெளிச் சாய்தசையின் நார்ப்படலம் கிழிந்திருந்தது, உள்ளே இருக்கும் கூட்டுத் தசைநார் தன் பிடிப்பிலிருந்து விலகியிருந்தது, குடல்பை மட்டும் எங்கும் இல்லை. ‘கில்மோரின் தொடையிடுக்கு’ என்று அவர் பெயரிலேயே நோய் புழங்கத் தொடங்கியது. 1991இலும் 1992இலும் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு குழுக்கள் தங்கள் நாட்டுக் கால்பந்து முதலான ஆட்டக்காரர்களிடம் பின்சுவரின் தளர்ச்சியைக் கண்டு தைத்ததாக எழுதின. அவற்றில் ஒன்றில் ‘விளையாட்டுக்காரரின் ஹெர்னியா’ என்ற தொடர் தலைப்பிலேயே ஏறியது. 1993இல் பிரிட்டனின் ரோஜர் ஹாக்னி 15 வீரர்களுக்கு அறுவை செய்து 87 சதவீதத்தினர் முழு ஆட்டத்துக்குத் திரும்பியதாக எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா’. அவரே பிரிட்டனுக்காகத் தடைதாண்டும் நெடு ஓட்டத்தில் ஒலிம்பிக்கில் ஓடியவர். இந்தப் பெயரின் வெற்றிக்குக் காரணம் அதன் துல்லியம் அல்ல, அது தந்த வசதி. காரணம் தெரியாத வலி என்றால் அணி நிர்வாகம் சந்தேகப்படும், ரசிகர் முணுமுணுப்பார். ஹெர்னியா என்றால் எல்லோருக்கும் தெரிந்த நோய், எல்லோருக்கும் தெரிந்த அறுவை, இத்தனை வாரத்தில் திரும்புவார் என்று நாள் குறித்துவிடலாம்.

பெயர் ஒன்றானாலும் அதன் கீழ் நடந்தவை ஒன்றாக இல்லை. கில்மோர் படலங்களை ஒவ்வொன்றாக, பல அடுக்குகளாகத் தைத்தார். அமெரிக்காவில் வில்லியம் மேயர்ஸ், நேர்வயிற்றுத் தசை பூப்பெலும்பில் ஒட்டும் இடம் பிய்ந்ததே மூலம் என்று கருதி, அதை மீண்டும் பொருத்தினார். ஹெர்னியா என்ற சொல்லையே அவர் கடுமையாக மறுத்தார். மாண்ட்ரியாலில் ஐஸ் ஹாக்கி வீரர்களைத் திறந்தவர்கள் வெளிப்படலத்தின் கிழிசலில் நரம்பு சிக்கியிருப்பதைக் கண்டு, அந்த நரம்பை நீக்கிவிட்டுப் படலத்துக்கு வலுவூட்டினார்கள். மியூனிக்கில் உல்ரிகே முஷாவெக், பின்சுவரில் பழுதான பகுதியை மட்டும் வலை இல்லாமல் தைத்து நரம்பின் அழுத்தத்தை விடுவிக்கும் ‘குறைந்தபட்சப் பழுதுபார்ப்பை’ உருவாக்கினார். பின்லாந்தில் சிறு துளை வழியாக உள்ளே போய், எலும்பின் பின்னால் வலையை விரித்தார்கள். ஐந்து இடங்களில் ஐந்து விதக் காரணம், ஐந்து விதக் கைவேலை. எல்லோருமே பெரும்பாலான வீரர்கள் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள் என்றே எழுதினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும். அறுவை மருத்துவர்கள் ஊகத்தில் பேசவில்லையே, கிழிந்ததைக் கண்ணால் பார்த்துத்தானே தைத்தார்கள்? பார்த்தது உண்மை. ஆனால் வலி உள்ளவரிடம் ஒரு குறையைப் பார்ப்பதும், அந்தக் குறைதான் வலிக்குக் காரணம் என்று நிறுவுவதும் வேறு வேறு. வலி இல்லாதவரைத் திறந்து பார்க்க எந்த மருத்துவருக்கும் வாய்ப்பில்லை என்பதால் ஒப்பிட ஆளே இருக்கவில்லை. படக்கருவிகள் அந்த வாய்ப்பைக் கொடுத்தன. 1998இல் ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது பின்சுவர்த் தளர்ச்சிக்கும் வலிக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. கூடவே, வலியே இல்லாத சிலரிடமும் அதே தளர்ச்சி தெரிந்தது. 2011இல் வலி இல்லாத 39 ஐஸ் ஹாக்கி வீரர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் 77 சதவீதத்தினரின் படங்களில் இடுப்பிலோ தொடையிடுக்கிலோ ஏதோ ஒரு பழுது இருந்தது. வயிற்றுத் தசையும் உள்தொடைத் தசையும் சேரும் இடத்துப் பழுது மட்டும் 36 சதவீதத்தினரிடம். ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியின் டயர் தேய்ந்திருப்பதுபோல, ஆடிய உடலில் தேய்மானம் இருக்கும். வண்டி நின்றதற்கு டயர்தான் காரணம் என்று தேய்மானத்தை மட்டும் காட்டிச் சொல்லிவிட முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. காரணம் எதுவாயிருந்தால் என்ன, அறுவை பலிக்கிறதா இல்லையா? வீரருக்கு வேண்டியது தத்துவமல்ல, மைதானம். இதற்கு நேர்மையான பதில், ஆம், பலருக்குப் பலிக்கிறது. 2001இல் ஸ்வீடனின் எக்ஸ்ட்ராண்டும் ரிங்போரியும் 66 கால்பந்து வீரர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வில் அறுவை செய்துகொண்ட குழுவே தெளிவாக முன்னேறியது. 2011இல் பின்லாந்தில் பாயானென் குழு 60 பேரை இரு கூறாக்கியது. மூன்று மாதத்தில் அறுவைக் குழுவின் 30 பேரில் 27 பேர் ஆட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மருந்தும் பயிற்சியும் பெற்ற 30 பேரில் 8 பேர்தான். இதைப் புறந்தள்ளுவது அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் இதே ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும். ஓராண்டு முடிவில், கத்தி வைக்காத குழுவிலும் பாதிப் பேர் ஆடத் திரும்பிவிட்டார்கள். தனக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். கீறி மட்டும் மூடிய போலி அறுவையோடு ஒப்பீடு இல்லை. முன்பு சொன்ன ஐந்து கைவேலைகளையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒன்றுக்கொன்று பொருந்தாத ஐந்து காரணங்களை நம்பிச் செய்த ஐந்து அறுவைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் பலித்தால், அந்தப் பலனை வைத்து எந்த ஒரு காரணத்தையும் மெய்ப்பிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பவை, பொறுக்கி எடுத்த நோயாளி, கட்டாய ஓய்வு, படிப்படியான பயிற்சி, குணமாவோம் என்ற நம்பிக்கை. இவற்றின் பங்கு எவ்வளவு, தையலின் பங்கு எவ்வளவு என்பது பிரித்துப் பார்க்கப்படாமலே போயிற்று.

பெயர் தவறாயிருந்தால் சிகிச்சையும் தவறிப்போகும் என்பதற்கு இடுப்பு மூட்டு நல்ல சாட்சி. தொடையெலும்பின் தலையும் அதன் கிண்ணமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழு 2003இல் விளக்கியது. மூட்டு முழுதாகத் திரும்பாவிட்டால் அந்தத் திருகல் மேலே பூப்பெலும்பின் மேல் விழும். இரண்டு கோளாறும் சேர்ந்திருந்த வீரர்களைப் பற்றி அமெரிக்காவின் லார்சன் குழு 2011இல் எழுதியது: தொடையிடுக்கை மட்டும் பழுதுபார்த்தபோது பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் கால்வாசி, மூட்டை மட்டும் சரிசெய்தபோது பாதி, இரண்டையும் சரிசெய்தபோது பெரும்பாலோர். ஹெர்னியா என்று பெயர் எழுதிய உடனே தேடல் நின்றுவிட்டால், மூட்டைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

தசையின் கதையும் இப்படித்தான். டென்மார்க்கின் பேர் ஹோல்மிச், உள்தொடை வலியோடு நெடுநாள் இருந்த 68 வீரர்களை இரு குழுவாக்கினார். ஒரு குழுவுக்கு மசாஜ், மின்தூண்டல், லேசர் போன்ற, வீரர் சும்மா படுத்திருக்கும் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு உள்தொடையையும் வயிற்றையும் வலுவாக்கும் உடற்பயிற்சி, 8 முதல் 12 வாரம். லான்செட் இதழில் 1999இல் வெளியான முடிவு: பயிற்சிக் குழுவில் 23 பேர் வலியின்றி ஆடத் திரும்பினர், மற்றதில் 4 பேர். அது வேறு நோய், ஹெர்னியா வேறு நோய் என்று சொல்லலாம். ஆனால் அவரே 207 பேரை ஒரே முறையில் கைவைத்துச் சோதித்து 2007இல் எழுதியபோது, மூன்றில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கோளாறு இருந்தது. அதிகம் தட்டுப்பட்ட மூலம் உள்தொடைத் தசை. யார் எந்தக் கதவைத் தட்டினார்களோ அந்தக் கதவின் நோயாகவே இவர்களில் பலர் முன்பு எண்ணப்பட்டிருப்பார்கள்.

பெயர்களின் கூட்டத்தை முதலில் கலைக்க முற்பட்டவர்கள் குடலிறக்க அறுவை மருத்துவர்களே என்பது அவர்கள் தொழிலுக்குப் பெருமை. 2012இல் மான்செஸ்டரில் கூடிய பிரிட்டிஷ் ஹெர்னியா சங்கத்தார், ஹெர்னியா இல்லாததை ஹெர்னியா என்பது பொருந்தாது என்று அந்தச் சொல்லைக் கைவிட்டார்கள். 2014 நவம்பரில் தோஹாவில் 14 நாடுகளின் 24 வல்லுநர்கள் கூடினார்கள். அறுவை மருத்துவர், இயன்முறை மருத்துவர், படம் படிப்பவர் என எல்லாத் தரப்பும் ஒரே மேசையில். ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா, கில்மோரின் தொடையிடுக்கு, எலும்பழற்சி போன்ற பெயர்களை இனிப் பயன்படுத்தவேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். அழுத்தினால் எங்கே வலிக்கிறது, எந்தத் தசையை எதிர்விசை கொடுத்துச் சோதித்தால் வலிக்கிறது என்பதை வைத்து நான்கு வகை வகுத்தார்கள்: உள்தொடைத் தசை சார்ந்தது, இடுப்பு மடக்குத் தசை சார்ந்தது, தொடையிடுக்குக் குழல் சார்ந்தது, பூப்பெலும்பு சார்ந்தது. இடுப்பு மூட்டைத் தனியாகப் பார்க்கச் சொன்னார்கள். பழைய பெயர்க் குவியலில் இதுவும் இன்னொரு பெயர்தானே என்று கேட்கலாம். வேறுபாடு ஒன்று இருக்கிறது. பழைய பெயர்கள் உள்ளே என்ன கிழிந்தது என்று அடித்துச் சொன்னவை. புதியவை, இந்த இடம் வலிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. அடக்கமான பெயர் விசாரணையைத் திறந்தே வைத்திருக்கும். காரணத்தைச் சொல்லாததே இந்த வகைப்பாட்டின் குறை என்பதும் உண்மைதான். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிய அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் குறையோடு வாழ்வது மேல்.

இதிலிருந்து சிகிச்சைக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் ஒவ்வோர் இடமாகக் கைவைத்துச் சோதிப்பது, மூட்டைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு இரண்டு, மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி. அதற்கும் அடங்காத, குழலைச் சார்ந்த வலிக்குக் கத்தி. இந்த வரிசை அறுவையை மறுப்பதில்லை, அதன் முறை வரும்வரை காத்திருக்கச் செய்கிறது. அட்டவணை நெருக்கும் சர்வதேச வீரர் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குத் தாவ நேரலாம். அவருக்குப் பின்னால் வாரியமும் காப்பீடும் மியூனிக்கும் இருக்கின்றன. அவருடைய செய்தியைப் படித்து, தனக்கும் அதே இடத்தில் வலிக்கிறதே என்று நினைக்கும் மாவட்ட அணிக் கபடிக்காரருக்கு அவை எதுவும் இல்லை. அவருக்குக் குடலிறக்கம் என்ற சொல் ஸ்கேன் நிலையத்தையும் அறுவை மேசையையும்தான் காட்டும். நார்வேயின் 35 அரைத் தொழில்முறைக் கால்பந்து அணிகளிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பக்கவாட்டில் படுத்து, மேல்காலைக் கூட்டாளி பிடித்துக்கொள்ள, உடலைத் தூக்கி இறக்கும் ஒரே ஒரு பயிற்சியைப் பழகிய அணிகளில் தொடையிடுக்குத் தொல்லைக்கான வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. அதற்குக் கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம், காலைப் பிடிக்க ஓர் ஆள் போதும். தோஹாவில் கூடியவர்கள் இந்த நோய்க்குப் பொதுப்பெயராக ஏற்றதும் ஓர் எளிய சொற்றொடர்தான்: விளையாட்டு வீரரின் தொடையிடுக்கு வலி. தமிழில் அதை எழுதப் புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டியதில்லை.